டெல்டாவில் மரத்தவளையை அடையாளம் காண்பது எப்படி

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் வளர்ந்தவர்கள் இந்தத் தவளையை எப்போதாவது பார்த்திருப்பார்கள். குளியலறைச் சுவரில், வாளிக்கு மேலே, கைகால்களை மடக்கிக்கொண்டு பிடித்துவைத்த மாவு உருண்டை போல ஒட்டிக்கொண்டிருக்கும். விளக்கைப் போட்டாலும் அசையாது. தண்ணீர் மொண்டு ஊற்ற ஆரம்பித்ததும் ஒரே தாவலில் கதவுக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் இதைத் தேரை என்போம். புத்தகங்களில் மரத்தவளை. அறிவியல் பெயர் பாலிபீடேட்ஸ் மேக்குலேட்டஸ்.

தவளைகளைக் கவனிக்கத் தொடங்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல முதல் தவளை கிடையாது. இதைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டாம், அனுமதி வாங்க வேண்டாம், விலை கூடிய கேமரா வேண்டாம். உங்கள் கொல்லையும் ஒரு டார்ச்சும் போதும். ஆனாலும் புதிதாக வருபவர்கள் இதைச் சரியாக அடையாளம் காணத் தடுமாறுகிறார்கள். நிறத்தை வைத்துத் தேடுவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதனால் நிறத்தைக் கடைசிக்குத் தள்ளி, இடம், குரல், உடம்பு என்ற வரிசையில் சொல்கிறேன்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள்

'தேரை' என்று கேட்டால் நம் ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் காட்டுவார்கள். சிலர் சுவரில் ஒட்டும் இந்தத் தவளையைக் காட்டுவார்கள். சிலர் தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்து பூச்சி தின்னும் சொறித்தவளையைக் காட்டுவார்கள். மண்ணுக்குள் புதைந்து கிடப்பதையும் தேரை என்பவர்கள் உண்டு. யாரும் தப்பாகச் சொல்லவில்லை, சொல் அப்படி விரிந்து கிடக்கிறது. ஆகவே ஒருவர் "எங்க வீட்ல தேரை இருக்கு" என்றால் அது எங்கே உட்கார்ந்திருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுவரிலும் இலையிலும் என்றால் நாம் தேடுவதாக இருக்கலாம். தரையில் என்றால் பெரும்பாலும் வேறு.

ஆங்கிலத்தில் இதற்கு இருக்கும் பழைய பெயர்களில் ஒன்று 'சுனம்' தவளை. அந்தச் 'சுனம்' நம் சுண்ணாம்புதான். வெள்ளையடித்த சுவரில் இதைப் பார்த்துப் பார்த்து அந்தப் பெயர் வந்திருக்கிறது. 1830இல் ஜான் எட்வர்ட் கிரே இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். மேக்குலேட்டஸ் என்றால் லத்தீனில் 'புள்ளிகள் உடையது'. இந்தப் புள்ளி என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

இன்னொன்று. கைப்பேசியில் 'மரத்தவளை' என்று தேடினால் சிவப்புக் கண்ணும் பச்சை உடம்புமாக ஒரு தவளையின் படங்கள் வரிசையாக வரும். அது மத்திய அமெரிக்காவில் வாழ்வது. பச்சை உடம்போடு, விரல்களுக்கு நடுவே ஆரஞ்சுச் சிவப்புச் சவ்வை விரித்து மரத்துக்கு மரம் மிதந்து போகும் ஒன்றும் வரும். அது மேற்குத் தொடர்ச்சி மலையின் மலபார் பறக்கும் தவளை. கும்பகோணத்து வாழைத் தோப்பில் இவை இரண்டும் இருக்காது. மலைக்காட்டில் மரத்தவளை இனங்கள் நிறைய உண்டு. அங்கே அடையாளம் காண்பது கடினமான வேலை. நம் சமவெளியில் வீட்டைச் சுற்றி வாழ்வது என்று பார்த்தால் இந்த ஒன்றுதான். இந்தியாவின் பெரும்பகுதியிலும் இலங்கை, நேபாளம், வங்கதேசத்திலும் இதே தவளை இருக்கிறது.

எங்கே தேடுவது

வெயில் காலத்திலும் மழைக் காலத்திலும் இது ஒரே இடத்தில் இருக்காது.

சித்திரை, வைகாசி வெயிலில் வயல் வெடித்துக் கிடக்கும், வாய்க்காலில் புழுதி பறக்கும். அப்போது இது வீட்டுக்குள் இருக்கும். குளியலறை, கிணற்றடிச் சுவர், தண்ணீர்ப் பானை வைக்கும் மூலை, மாட்டி வைத்த படத்தின் பின்புறம், ஓட்டு வீடு என்றால் ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள சந்து. மாட்டுக்கொட்டகையின் கீற்றுக் கூரையிலும் பார்த்திருக்கிறேன். மின்சார மீட்டர் பெட்டிக்குள்ளும் போய் உட்காரும், ஆனால் அதைத் திறந்து தேட வேண்டாம். எதற்காக வீட்டுக்கு வருகிறது என்றால் ஈரத்துக்காகவும் நிழலுக்காகவும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோல் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. அதே தோல் வழியாகத் தண்ணீர் ஆவியாகவும் போகும். ஆகவே கோடையில் அது நாள் முழுக்கச் செய்ய வேண்டிய ஒரே வேலை, உடம்பின் ஈரத்தைக் காப்பாற்றுவது.

இதற்கு அது ஒரு வித்தை வைத்திருக்கிறது. தோலிலிருந்து கொழுப்புச் சத்து கலந்த ஒரு திரவத்தைச் சுரந்து, கைகால்களால் தலை, முதுகு, விலா என்று உடம்பு முழுக்கத் தேய்த்துக்கொள்ளும். நாம் பனிக்காலத்தில் எண்ணெய் தடவிக்கொள்கிற மாதிரி. அப்புறம் கைகால்களை உடம்புக்கு அடியில் மடக்கி, கண்ணை மூடி, அசையாமல் இருந்துவிடும். ஈரம் போவது இதனால் குறைகிறது என்று 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. ஆராயப்பட்டது நம் குளியலறைத் தவளையின் இனம்தான். எனவே பகலில் கண்மூடிக் கிடக்கும் தவளையை நோயில் கிடப்பதாக நினைத்துத் தண்ணீர் தெளித்து எழுப்பாதீர்கள். அது பூசிய பூச்சைக் கழுவிவிட்ட மாதிரி ஆகும்.

தோட்டத்தில் தேடுவதானால் வாழைதான் முதல். இலைக்காம்பு தண்டைச் சேரும் மடலுக்குள் மழைத் தண்ணீர் கொஞ்சம் நிற்கும், உள்ளே குளுமையாக இருக்கும். அங்கே எட்டிப் பாருங்கள். சேம்பு இலையின் அடிப்பக்கம், கல்வாழை, தாழம்புதர், தென்னை மட்டைகளின் இடுக்கு, எல்லாம் இதற்கு வீடுதான். தென்னை உச்சியில் இருப்பதால் இதற்கு ஒரு கெட்ட பெயரும் வந்தது. உள்ளே பருப்பில்லாத காயைத் 'தேரை மோந்த காய்' என்பார்கள், தவளை போய்த் தின்றுவிட்டதாக நம்பிக்கை. தவளை தேங்காய் தின்பதில்லை. அதற்குப் பூச்சிகள்தான் சாப்பாடு. பருப்பு வைக்காததற்குச் சாம்பல் சத்து, போரான் குறைபாடு, மகரந்தம் சரியாகச் சேராதது என்று வேறு காரணங்கள் இருக்கின்றன. மரம் ஏறுபவர் தவளையைப் பார்த்துத் தட்டிவிடுவதைக் கண்டால் இதைச் சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், இரண்டு பேரில் ஒருவர் கேட்பார்.

மழை இறங்கியதும் காட்சி மாறும். அப்போது தேங்கிய தண்ணீர் ஓரம் போக வேண்டும். ஆறு வேண்டாம். காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, அரசலாறு என்று நமக்கு ஆற்றுக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஓடும் தண்ணீரில் இது குஞ்சு வளர்க்காது. குளம், குட்டை, கோயில் குளத்தின் செடி மண்டிய மூலை, ரோடு போடுவதற்கு மண் எடுத்த பள்ளம், பம்புசெட் தொட்டி, புழங்காத கிணறு, இவற்றைப் பாருங்கள். தண்ணீர் நிற்க வேண்டும், அதற்கு மேலே தொங்குகிற மாதிரி செடியோ சுவரோ இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தை உங்கள் ஊரில் மனசுக்குள் குறித்துவையுங்கள். வேதாரண்யம், கோடியக்கரை பக்கத்தில் இருப்பவர்கள் உப்பளம், கழிமுகத்தை விட்டுவிட்டு நன்னீர் தேங்கும் ஊர்க் குட்டைகளுக்குப் போவது நல்லது.

எப்போது போவது, என்ன கேட்பது

ராத்திரி 7 மணிக்கு மேல், மழை விட்ட கையோடு. பெய்துகொண்டிருக்கும்போது எதுவும் கேட்காது. கோடை மழையிலும் கேட்கலாம், ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு வரும் முதல் சில இரவுகள் மிக நல்லவை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. அந்த நுணல் மணலுக்குள் ஒளிந்திருப்பது, நம் தவளை இலைக்குள் ஒளிந்திருப்பது. குரலால் காட்டிக்கொடுத்துக்கொள்வதில் இரண்டும் ஒன்று. கூப்பிடுவது ஆண்தான்.

இதன் குரல் காய்ந்த மூங்கிலில் குச்சியால் வேகமாகத் தட்டுவது போல இருக்கும். டக்-டக்-டக்-டக் என்று நாலைந்து தட்டு, பிறகு நிறுத்தம். மறுபடியும் தட்டு. சொறித்தவளையின் குரல் இப்படி இல்லை. அது 'க்ர்ர்ர்ர்' என்று ஒரே சுருதியில் நீளமாக இழுக்கும், தூரத்தில் ஏதோ மோட்டார் ஓடுகிற மாதிரி. வயலில் பெரிய தவளைகள் அடிவயிற்றிலிருந்து உறுமும்.

மழை இரவில் இவை எல்லாம் சேர்ந்து கத்தும்போது புதியவருக்கு ஒன்றும் பிரியாது. அதற்கு நான் கற்றுக்கொண்ட வழி, குரல் எந்த உயரத்திலிருந்து வருகிறது என்று கேட்பது. ஐந்து நிமிடம் விளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள். தண்ணீர் மட்டத்திலிருந்தும் சேற்றிலிருந்தும் வருவதை ஒதுக்குங்கள். முழங்காலுக்கு மேலே, இடுப்பளவில், தலைக்கு மேலே, செடியிலிருந்தோ சுவரிலிருந்தோ தட்டுவது எது? அதை நோக்கி மெதுவாக நடங்கள். நீங்கள் நெருங்கியதும் நின்றுவிடும். நின்றால் நீங்களும் நின்றுவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் திரும்ப ஆரம்பிக்கும். அப்போது டார்ச்சை அடியுங்கள், இலையின் மேல் தொண்டையை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை: டார்ச், கணுக்கால் மூடிய செருப்போ ரப்பர் ஷூவோ, ஒரு தடி, கைப்பேசி, ஒரு சின்ன நோட்டு. தடி தவளைக்கு இல்லை. நம் வரப்புகளில் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் உண்டு, தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். தரையைத் தட்டிக்கொண்டு, விளக்கு விழும் இடத்தில் மட்டும் காலை வையுங்கள். தனியாகப் போகாதீர்கள். மழைத் தண்ணீர் நிற்கும் இடத்தில் மின்கம்பி அறுந்து கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். அடுத்தவர் கொல்லை என்றால் பகலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள், ராத்திரியில் டார்ச்சோடு வாழைத் தோப்பில் நிற்பவரைத் திருடன் என்று நினைப்பது நியாயம்தான்.

உடம்பில் எதைப் பார்ப்பது

சரி, தவளை கண்ணில் பட்டுவிட்டது. இப்போது நிறத்தைப் பற்றி எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு வகை மரத்தவளை இருப்பதாக நான் வெகுநாள் நம்பினேன். குளியலறையில் இருப்பது வெளிறிப்போய் கிட்டத்தட்ட வெள்ளை. வாழையில் இருப்பது செம்பழுப்பு, முதுகில் உடுக்கை போல ஒரு கருமையான கோலம். நோட்டில் தனித்தனியாகவே எழுதி வந்தேன். ஒரு மழை இரவில் செம்பழுப்புத் தவளை ஒன்று திண்ணைச் சுவரில் ஏறி உட்கார்ந்தது. அதன் வலது கையில் ஒரு விரல் நுனி போயிருந்தது. மறுநாள் காலையில் அதே இடத்தில், அதே விரல் நுனி இல்லாத தவளை, சுண்ணாம்புச் சுவரின் நிறத்தில் இருந்தது. உடுக்கைக் கோலம் தேடினால் தெரிகிற அளவுக்கு மங்கியிருந்தது. அன்றைக்கு நோட்டில் பல பக்கங்களைத் திருத்தினேன்.

மஞ்சள், சாம்பல், பழுப்பு, செம்பழுப்பு, வெளிர் வெள்ளை, இத்தனையும் இந்த ஒரே தவளையின் நிறங்கள். சிலவற்றுக்கு முதுகில் உடுக்கைக் கோலம் இருக்கும், சிலவற்றுக்குச் சிதறிய கரும்புள்ளி, சிலவற்றுக்கு ஒன்றுமே இருக்காது. ஆகவே நிறத்தை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

முதலில் விரல் நுனிகளைப் பாருங்கள். ஒவ்வொரு விரலின் நுனியிலும் வட்டமான ஒரு தட்டு இருக்கும், கம்மல் திருகை ஒட்டிவைத்த மாதிரி. சுவரிலும் கண்ணாடியிலும் ஏற உதவுவது இதுதான். கால் விரல்களுக்கு நடுவே சவ்வு நன்றாக இருக்கும். கை விரல்களுக்கு அடியில் மட்டும் பேருக்குக் கொஞ்சம்.

பிறகு கண். பெரியது, தலையிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும், கண்பாப்பா படுக்கை வாட்டில் நீண்டிருக்கும். கண்ணுக்குப் பின்னால் வட்டமான காதுச் சவ்வு தெளிவாகத் தெரியும். அந்தச் சவ்வின் மேல் வளைந்து தோள் வரை ஒரு மடிப்பு இறங்கும். முதுகுத் தோல் வழவழப்பு. வயிற்றுப் பக்கம் மட்டும் ரவை தூவியது போலச் சொரசொரப்பு. ஜன்னல் கண்ணாடியில் ஏறும்போது மறுபக்கத்திலிருந்து பார்த்தால் இது அழகாகத் தெரியும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது, தொடையின் பின்பக்கம். உட்கார்ந்திருக்கும்போது இது தெரியாது, மடங்கி மறைந்திருக்கும். காலை நீட்டும்போது பாருங்கள். கரும்பழுப்பு அல்லது ஊதா சாயல் கொண்ட வலைப்பின்னலுக்கு நடுவே மஞ்சள் நிற வட்டப் புள்ளிகள் இருக்கும். மேலே உடம்பு எவ்வளவு வெளிறினாலும் இந்தப் புள்ளிகள் உங்களுக்கு உதவும். பெயரிலேயே இருக்கும் புள்ளியை இங்கே தேடுவது என் வழக்கம். விரல் தட்டும் தொடைப் புள்ளியும் இரண்டும் இருந்தால் டெல்டாவில் நீங்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

தொடையைப் பார்க்கத் தவளையைப் பிடித்து இழுக்க வேண்டாம். அது சுவரில் மேலே ஏறும்வரை காத்திருங்கள், ஏறும் ஒவ்வொரு எட்டிலும் கால் நீளும். காத்திருக்கவே முடியாவிட்டால் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலை அதன் முன்னால் வைத்து உள்ளே வரச்செய்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அதே இடத்தில் விட்டுவிடுங்கள். கையால் தொடத்தான் வேண்டும் என்றால் கையைச் சோப்பு இல்லாத தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். கொசு மருந்து, எண்ணெய், உப்பு, பூச்சிமருந்து தெளித்த கை, எதுவும் கூடாது, அந்தத் தோல் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். விட்டபிறகு நீங்களும் கையைக் கழுவிவிட்டுக் கண்ணைத் தொடுங்கள்.

ஆணா பெண்ணா என்றால், அளவைப் பாருங்கள். பெண் மூக்கு நுனியிலிருந்து உடம்பின் கடைசி வரை 7, 8 சென்டிமீட்டர் வரை இருக்கும், ஆண் கண்ணுக்குத் தெரியும்படி சிறியது. ஜோடியாக இருக்கும்போது பெரிய பெண்ணின் முதுகில் சின்ன ஆண் தொற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் குட்டியைச் சுமக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தத் தவளை குட்டியைச் சுமந்து திரிவதில்லை, அது இணைதான்.

எதோடு குழம்பிப் போகும்

சொறித்தவளையோடு குழப்பமே வராது. அதன் முதுகு முழுக்கக் கருமுனை கொண்ட பருக்கள், கண்ணுக்குப் பின்னால் தடித்த சுரப்பி, விரலில் தட்டு இல்லை. சுவர் ஏறாது.

குளத்தில் ஆகாயத்தாமரை, அல்லி இலை மேல் உட்கார்ந்திருக்கும் பெரிய பச்சைத் தவளையை மரத்தவளை என்று பலர் படம் அனுப்புகிறார்கள். இலை, பச்சை, இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறார்கள். அதன் விரல் நுனி கூராக இருக்கும், தட்டு கிடையாது. அது குளத்தைவிட்டு உங்கள் சுவருக்கு வராது. அதேபோல ஆள் வந்ததும் தண்ணீர் மேலேயே தத்தித் தத்தி ஓடும் சின்னத் தவளையும் வேறு.

உண்மையில் குழப்புவது ஒன்றுதான். உருண்டையான உடம்பு, சின்ன வாய், கரும்பழுப்பு முதுகில் செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாக வண்ணம். யூபரோடான் டாப்ரோபேனிக்கஸ் என்று பெயர். மண்ணில் புதைந்து வாழும் வகைதான், ஆனால் மரமும் ஏறும், மரப்பொந்திலும் இருக்கும், சில சமயம் குளியலறைக்கும் வரும். இதன் கைவிரல் நுனியும் அகன்றிருக்கும், ஆனால் வட்டமாக இருக்காது, கத்தரித்துவிட்ட மாதிரி முக்கோணமாக இருக்கும். முகத்தைப் பாருங்கள். மரத்தவளைக்கு அகன்ற வாயும் துருத்திய கண்ணும். இதற்குக் குறுகிய வாயும் சிறிய தலையும். ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டால் பிறகு குழம்பாது.

நுரைக்கூடு

தவளையைப் பார்க்காமலேயே அது இருப்பதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. மழை இரவுக்கு மறுநாள் காலையில் பம்புசெட் தொட்டியின் உட்சுவரையும் குட்டைக்கு மேல் சாய்ந்த செடிகளையும் பாருங்கள். முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து அப்பிய மாதிரி, கைப்பிடி அளவில் வெண்ணுரை ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கூடு.

பெண் தவளை ஒரு திரவத்தைச் சுரந்து அதைப் பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கும். முட்டைகள் அந்த நுரைக்குள் போகும், முதுகிலிருக்கும் ஆண் அங்கேயே கருவுறச் செய்யும். ராத்திரியில் தயிர் கடைவது போல நடக்கும் இந்த வேலையை ஒரு தடவை முழுக்கப் பார்த்தேன், விடிய ஆரம்பித்துவிட்டது. வெளிப்பக்கம் காய்ந்து ஓடு போல ஆகும், வெள்ளை மெல்ல மஞ்சளாகி, பழுப்பாகும். உள்ளே ஈரம் இருக்கும். முட்டைகள் தண்ணீரில் இல்லாததால் மீனும் தண்ணீர்ப் பூச்சிகளும் தின்னாமல் தப்பிக்கின்றன. சில நாட்களில் முட்டை பொரிந்து, நுரை இளகி, தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாக நேராகக் கீழே தண்ணீரில் விழும். அதனால்தான் நிற்கும் தண்ணீரும் அதற்கு மேல் தொங்கும் இடமும் என்று முன்பே சொன்னேன்.

இதைப் பார்க்கும் பலருக்கு அது என்னவென்று தெரிவதில்லை. கொல்லையில் தொட்டி கழுவிக்கொண்டிருந்த அத்தை ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எவனோ சுவத்துல எச்சி துப்பிட்டுப் போயிருக்கான் பாரு."

"எச்சி இல்ல அத்தை, அது தேரை முட்டை."

"முட்டையா? இவ்வளவு நுரை எப்படி வந்துச்சு?"

சொன்னேன். விளக்குமாற்றை ஓரமாக வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். அந்த வாரம் முழுக்க அந்தச் சுவர்ப் பக்கம் யாரையும் தண்ணீர் அடிக்க விடவில்லை.

செடித் தண்டில் சுண்டு விரல் நகம் அளவுக்கு இருக்கும் எச்சில் போன்ற நுரை இது இல்லை, அதற்குள் சின்னப் பூச்சி இருக்கும். குச்சியில் ஒட்டிய கெட்டியான பழுப்பு உருண்டை என்றால் கும்பிடுபூச்சியின் கூடு. மரத்தவளையின் நுரை அவற்றைவிடப் பெரியது, கீழே தண்ணீர் கட்டாயம் இருக்கும் அல்லது இருந்திருக்கும்.

படமும் குறிப்பும்

நான்கு படம் எடுங்கள். பக்கவாட்டில் ஒன்று, கண்ணும் காதுச் சவ்வும் தெரிய. மேலிருந்து ஒன்று, முதுகு தெரிய. விரல் நுனி நெருக்கமாக ஒன்று. தொடையின் பின்புறம் ஒன்று, கிடைத்தால். ஐந்தாவதாக நான் எப்போதும் எடுப்பது, கொஞ்சம் தள்ளி நின்று அது உட்கார்ந்திருக்கும் இடம் முழுக்க. வெறும் தவளைப் படத்தைவிட இந்த ஐந்தாவது படம் பலருக்கு உதவும். பளிச்சென்று ஃபிளாஷ் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள், டார்ச்சை ஒரு கைக்குட்டையால் மூடினால் வெளிச்சம் மெத்தென்று விழும், படமும் நன்றாக வரும். குரல் கேட்டால் கைப்பேசியில் அரை நிமிடம் பதிவுசெய்யுங்கள். பதிவுசெய்த குரலைப் போட்டுக் காட்டி அதை வரவழைக்கும் வேலை வேண்டாம், அது இணை தேடும் நேரம்.

நோட்டில் தேதி, நேரம், ஊர், மழை பெய்ததா, தரையிலிருந்து எத்தனை அடி உயரம், எதன் மேல் இருந்தது, பக்கத்தில் தண்ணீர் எவ்வளவு தூரம், அந்த வயலிலோ தோட்டத்திலோ மருந்து அடித்திருந்தார்களா, இவற்றை எழுதுங்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்காலுக்கு வந்த நாளையும் நான் சேர்த்து எழுதுவேன். ஜூன் 12 என்பது வழக்கமான தேதி, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மாறும். குறுவைக்குத் தண்ணீர் வந்த ஆண்டும் வராத ஆண்டும் கொல்லையில் எப்படி வித்தியாசப்படுகின்றன என்பதை இரண்டு மூன்று ஆண்டுக் குறிப்பைப் புரட்டினால் நீங்களே பார்ப்பீர்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படத்தை ஏற்றினால் மற்றவர்கள் பார்த்துச் சரிபார்ப்பார்கள். வீட்டுக்குள் எடுத்த படம் என்றால் சரியான இடத்தை மறைத்து வைக்க அதில் வசதி இருக்கிறது.

ஒரு விஷயம் பாக்கி. கூடு இருக்கும் தொட்டியைக் கழுவியே ஆக வேண்டும் என்றால், அல்லது கீழே தண்ணீர் வற்றிவிட்டது என்றால், கூட்டைச் சுரண்டி எடுக்காதீர்கள். அதற்கு நேர் கீழே ஓர் அகன்ற பேசினில் குளத்துத் தண்ணீரோ இரண்டு நாள் ஆறவைத்த தண்ணீரோ நாலு விரல் உயரத்துக்கு ஊற்றி வையுங்கள். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. தினமும் காலையில் எட்டிப் பாருங்கள். கரும்புள்ளிகளாகத் தலைப்பிரட்டைகள் விழுந்ததும் பேசினை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக் குட்டையின் செடி மண்டிய ஓரத்தில் மெதுவாகச் சாய்த்துவிடுங்கள்.